ஈக்களின் சமையலறையில் ஓர் அமிலம்

மரபியல் ஆராய்ச்சிக்காகப் பழ ஈ வளர்க்கும் ஆய்வகங்களில் ஒரு சமையலறையும் இருக்கும். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து, அடிப்பிடிக்காமல் கிளறி, களிப் பதத்துக்குக் காய்ச்சுவார்கள். அடுப்பை அணைத்து, சூடு 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கியதும் ஒரு பழுப்புக் குப்பியைத் திறந்து, லிட்டருக்கு 4 அல்லது 5 மில்லி என்ற கணக்கில் நிறமற்ற ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். வினிகர் நெடியும் வியர்வை ஊறிய சட்டையின் வாடையும் கலந்தாற்போல ஒன்று மூக்கில் ஏறும். அதுதான் புரோப்பியோனிக் அமிலம். ஈக்களின் களியில் பூஞ்சணம் பூக்காமல் காப்பது அதன் வேலை. சூடு இறங்கக் காத்திருப்பதற்கும் காரணம் உண்டு. கொதிக்கும்போதே ஊற்றினால் அமிலத்தில் ஒரு பங்கு ஆவியாகி, களியில் தங்காமல் நிற்பவரின் கண்ணுக்கும் தொண்டைக்கும்தான் போய்ச் சேரும்.

வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தில் 2 கார்பன் அணுக்கள், இதில் 3. நான்காவதையும் சேர்த்தால் கெட்ட வெண்ணெய் நாற்றமடிக்கும் பியூட்டிரிக் அமிலம். இரண்டுக்கும் நடுவில் பிறந்ததால் வாடையும் இரண்டுக்கும் நடுவில். 1844இல் யோஹான் காட்லீப் என்ற வேதியியலாளர் சர்க்கரையைச் சிதைத்தபோது கிடைத்த பொருட்களில் இதைக் கண்டறிந்தார். 1847இல் பிரான்ஸின் ழான் பாப்டிஸ்ட் டூமா, ‘முதல்’, ‘கொழுப்பு’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். தண்ணீரில் எந்த அளவிலும் கரையும் இந்த அமிலம், அதே தண்ணீரில் உப்பைக் கொட்டினால் எண்ணெய்போல் பிரிந்து மேலே மிதக்கும். கொழுப்பு அமிலங்களின் குணத்தைக் காட்டும் மிகச் சிறிய அமிலம் என்பதால் அந்தப் பெயர்.

இது எங்கோ தொழிற்சாலையில் மட்டும் பிறப்பதில்லை. பசுவின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்க வைக்கும்போது உண்டாகிறது. பசுவின் கல்லீரல் அதிலிருந்துதான் தனக்கு வேண்டிய குளுக்கோஸில் பெரும்பங்கைச் செய்துகொள்கிறது. சுவிட்சர்லாந்தின் எமென்டால் பாலாடைக்கட்டிக்கு அதற்கே உரிய ருசியைக் கொடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு. நாம் தின்ற நார்ச்சத்திலிருந்து நம் பெருங்குடலிலும் தினமும் உருவாகிறது. இயற்கையில் இருப்பதெல்லாம் சாது என்று சொல்பவர்கள் இந்தக் குப்பியை ஒருமுறை முகர்ந்து பார்க்கலாம். வேண்டாம், முகர வேண்டாம்.

பலருக்கு இது வந்து சேர்வது பிரெட் வழியாக. உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 282 என்ற எண் இருந்தால், அது இந்த அமிலத்தின் கால்சியம் உப்பு. 281 என்றால் சோடியம் உப்பு. ஊசிப்போன சாம்பார் நூல் விடுமே, பிரெட்டும் அப்படி நூல் விடும். மாவோடு வந்த பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் அடுப்புச் சூட்டிலும் சாகாமல் கிடந்து, வெயில் காலத்தில் விழித்துக்கொண்டு செய்யும் வேலை அது. அதையும் பூஞ்சணத்தையும் தடுக்கும் இந்த உப்பு, மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டை மட்டும் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. பேக்கரிகள் இதை விரும்புவது அதனால்தான்.

இது கிருமியைத் தடுப்பது எப்படி? அயனியாகப் பிரியாத அமில மூலக்கூறு மட்டும்தான் கிருமியின் சவ்வை எளிதில் தாண்டும். உள்ளே போனதும் பிரிந்து அமிலத்தன்மையைக் கூட்டி, கிருமியின் இயக்கத்தைக் குலைக்கும். பி.ஹெச். 5.5 உள்ள மாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரியாமல் இருக்கும், பி.ஹெச். 7இல் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. புளிப்பில்லாத பண்டத்தில் இதைச் சேர்ப்பது வீண்.

இனி குப்பிக்கு வருவோம். ‘உணவில் போடுவதுதானே’ என்ற நினைப்பில்தான் ஆபத்து இருக்கிறது. ஈக்களின் களியில் இருப்பது நூற்றுக்கு அரைப் பங்கு. குப்பியில் இருப்பது முழு அமிலம். தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பது போதாது. நாலு பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறை துளித் தெறிப்புக்குத்தான் தாங்கும், பட்டதும் கழற்றி மாற்ற வேண்டும். அதிக அளவில் கையாள்பவர்களுக்கு பியூட்டைல் ரப்பர் கையுறைதான் சரி. ஊற்றுவதும் அளப்பதும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் நடக்கட்டும். பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் எங்காவது இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள்.

இது எரியும் திரவம் என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. கொதிநிலை 141 டிகிரிதான். ஆனால் 50 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே இதன் ஆவி தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். களி கிளறும் அவசரத்தில் குப்பியை அடுப்பு மேடையிலேயே வைப்பது விபத்தை விருந்துக்கு அழைப்பதுதான். இன்னொரு தவறு, ‘அமிலங்கள்’ என்று எழுதிய ஒரே அலமாரியில் இதையும் நைட்ரிக் அமிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது. நைட்ரிக் ஆக்சிஜனேற்றி, இது எரிபொருள். இரண்டும் கசிந்து சேர்ந்தால் தீயோ வெடிப்போ நேரலாம். எரியும் திரவங்களோடு, ஆக்சிஜனேற்றிகளுக்கும் வலிய காரங்களுக்கும் எட்டாமல் வைப்பதே முறை.

கொஞ்சமாகச் சிந்தினால் சமையல் சோடாவை ஓரத்திலிருந்து மெல்லத் தூவுங்கள். நுரைத்து அடங்கியதும் துடைக்கலாம். உடம்பில் பட்டால் மட்டும் சோடா கூடாது. நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, கண்ணானாலும் தோலானாலும் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். எரிச்சல் குறைந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மருத்துவமனைக்குக் கிளம்பும்போது குப்பியின் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.