நிலத்தடி வீடும் கண்ணுக்குத் தெரியாத வாயுவும்

மகளிர் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் ஓர் அம்மா மட்டும் வாங்கிலிலேயே இருந்தார். கையில் தொலைபேசி. ஏதோ கேட்கத் தயங்குகிறார் என்பது விளங்கியது. அருகில் போய் இருந்தேன்.

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். ஒண்டு கேக்கவேணும். மகள் கனடாவில இருக்கிற வீட்டுக்குள்ள ஒரு காஸ் இருக்கலாமாம். அது மணக்காதாம், எரியாதாம், கண்ணிலயும் படாதாம். அப்ப அது இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "பங்கருக்குள்ள வைச்சுக் காப்பாத்தின பிள்ளை. இப்பவும் நிலத்துக்குக் கீழதானே இருக்கிறாள்."

சகோதரிகளே, உங்களில் பலருடைய பிள்ளைகளும் சகோதரர்களும் ரொறன்ரோ போன்ற நகரங்களில் 'பேஸ்மென்ற்' எனப்படும் நிலத்தடி வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாடகை குறைவு என்பதால் புதிதாகப் போனவர்கள் அங்கேதான் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். அந்த அம்மாவின் கேள்வி உங்களுடைய கேள்வியாகவும் இருக்கலாம்.

றேடன் என்றால் என்ன?

மண்ணிலும் கல்லிலும் யுரேனியம் என்ற மூலகம் சிறிய அளவில் எங்கும் இருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதையும்போது உண்டாகும் வாயுவே றேடன். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. வெட்டவெளியில் அது காற்றோடு கலந்து ஐதாகிவிடும். ஆனால் வீட்டின் சீமெந்துத் தரையில் உள்ள வெடிப்புகள், குழாய்கள் நுழையும் இடைவெளிகள் வழியே உள்ளே வந்தால், மூடிய அறைக்குள் சேர்ந்து நிற்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது சூடான காற்று மேலெழும்பி வெளியேற, அந்த இடத்தை நிரப்ப நிலத்துக்குள் இருக்கும் வாயு மேலே இழுக்கப்படும். யன்னல்களும் பூட்டியிருக்கும். அதனால்தான் குளிர் நாடுகளில், அதிலும் நிலத்தடி அறைகளில், இதன் அளவு கூடுகிறது.

றேடன் சிதைந்து உண்டாகும் துகள்களை நாம் மூச்சோடு உள்ளிழுக்கிறோம். அவை நுரையீரலில் தங்கிக் கதிர்வீச்சை வெளிவிடுகின்றன. பல வருடங்கள் இப்படித் தொடர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வரலாம். புகைப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. இடையில் இருமலோ தலையிடியோ எதுவும் காட்டிக்கொடுக்காது. கனடாவில் வருடந்தோறும் 3,000க்கு மேற்பட்ட நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு இதுவே காரணம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் திணைக்களம் மதிப்பிடுகிறது.

வீட்டிலிருந்து வந்த எச்சரிக்கை

இந்த ஆபத்து பரவலாகக் கவனம் பெற்ற கதை வியப்பானது. 1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லிமரிக் அணுமின் நிலையத்தில் ஸ்ரான்லி வட்ராஸ் என்ற பொறியியலாளர் வேலை செய்தார். கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி அவரைக் கண்டதும் ஒலி எழுப்பியது. அந்த நிலையமோ அப்போது மின் உற்பத்தியைத் தொடங்கியிருக்கவில்லை. ஒருநாள் அவர் வேலைக்குள் நுழைந்தவுடனேயே கருவிக்குள் போய் நின்றார். அப்போதும் அது ஒலித்தது. கதிர்வீச்சு வேலைத்தலத்தில் அல்ல, அவருடைய வீட்டிலேயே இருந்தது!

வீட்டை அளந்தபோது ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பெக்கரல் றேடன் இருந்தது. ஒரு செக்கனுக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல். அமெரிக்காவில் இன்று வீட்டைத் திருத்தும்படி சொல்லும் அளவு சுமார் 150 பெக்கரல் மட்டுமே. அந்தக் குடும்பம் வெளியேறியது. வீடு திருத்தப்பட்ட பின் அதே வீட்டுக்குத் திரும்பியது. இந்தத் திரும்பி வருதலைத்தான் நான் அம்மாவுக்கு அழுத்திச் சொன்னேன்.

எப்படி அளப்பது?

அளக்கும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்ரிக் பெட்டி. அதனுள் இருக்கும் படலத்தில் கதிர்வீச்சு நுண்ணிய தடங்களைப் பதிக்கும். பிறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் தடங்களை எண்ணி அளவைச் சொல்வார்கள். பெட்டியைக் கடையில் வாங்கலாம். கனடாவின் சில பொது நூலகங்கள் இலக்கங்களில் அளவைக் காட்டும் கருவியைப் புத்தகம் போல இரவல் கொடுக்கின்றன.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை இவை:

குறைந்தது மூன்று மாதங்கள் அளக்க வேண்டும். ஒக்ரோபர் முதல் ஏப்ரல் வரையான குளிர்காலம் உகந்தது. ஒரு நாளில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும் அறைகளில், வீட்டின் ஆகக் கீழ்த்தளத்து அறையில் வைக்க வேண்டும். மூச்சு விடும் உயரத்தில் இருக்கட்டும். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். யன்னலோரமும் சூடாக்கியின் அருகும் வேண்டாம்.

பக்கத்து வீட்டில் குறைவு என்று கேட்டு ஆறுதல்படக் கூடாது. அருகருகே உள்ள இரு வீடுகளில் அளவு மிகவும் வேறுபடலாம்.

அளவு கூடினால்?

2007ஆம் ஆண்டு முதல் கனடாவில் 200 பெக்கரல் என்பதே எல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் 100 என்ற அளவைப் பரிந்துரைத்தது. 200க்கு மேல் என்றால் வீட்டைத் திருத்த வேண்டும், அளவு கூடக் கூட விரைவாகத் திருத்த வேண்டும் என்கிறது கனடா. இரவோடு இரவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய ஆபத்து இதுவல்ல. தரையைத் துளைத்து ஒரு குழாய் இறக்கி, சிறு மின்விசிறியால் வாயுவை வீட்டுக்கு வெளியே இழுத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு நாள் வேலை.

"வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால்?" என்று மகள் பயப்படுகிறாளாம். நியாயமான பயம். ஆனால் பெட்டியை வைக்க ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை. முடிவு எழுத்தில் கையில் இருந்தால் வீட்டுக்காரரோடு பேசுவது இலகு. அவருடைய குடும்பமும் அதே நிலத்தின் மேல்தானே வாழ்கிறது? கணவன் இரண்டு வேலைக்குப் போக, கைக்குழந்தையோடு நாள் முழுவதும் அந்த அறையில் இருப்பவள் பெண். கூடுதல் நேரம் அந்தக் காற்றைச் சுவாசிப்பவளும் அவளே. கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.

எமது வீடுகள்?

றேடன் எல்லா மண்ணிலும் உண்டு. ஆனால் கதவும் யன்னலும் திறந்து, காற்றோடும் வீட்டில் அது சேர்ந்து நிற்கும் வாய்ப்புக் குறைவு. எமது மூச்சுக்கு அன்றாடம் வரும் பெரிய ஆபத்து அடுப்புப் புகை. புதிய கல்வீட்டிலும் குசினியில் புகை போக வழி வையுங்கள்.

மூன்று கிழமைக்குப் பிறகு அந்த அம்மாவைக் கண்டேன். மகள் பெட்டியை வாங்கிப் படுக்கையறை இறாக்கையில் வைத்துவிட்டாளாம். "மாசியில முடிவு வருமாம் பிள்ளை. கூடினாலும் திருத்தலாமாமே" என்றார். எனக்கே அவர் விளங்கப்படுத்தினார்.

இன்றிரவு உங்கள் பிள்ளை அழைத்தால், சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்.