மரத்தை வெட்டினால் நிலம் போய்விடும்

உலகத்தில் விளையும் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் இருந்து வருகிறது. விளைவிப்பவர்கள் எஸ்டேட் முதலாளிகள் இல்லை. பெரும்பாலும் சில ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். ஹெக்டேருக்குச் சராசரியாக 400–500 கிலோ காய்ந்த கொட்டை கிடைத்தாலே பெரிசு. ஆராய்ச்சிப் பண்ணைகளில் 1,000 கிலோவுக்கு மேல் எடுக்கிறார்கள்.

ஏன் இந்த இடைவெளி? விதை, உரம், மருந்து என்று மூணு வரியில் பதில் முடிந்துவிடும்னு நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். முடியவில்லை.

முதலில் தெரிந்த காரணங்கள். கோகோ மரம் நட்ட 3–5 வருஷத்தில் காய்க்கும். 25–30 வயசுக்கு மேல் மகசூல் சரியும். கானாவில் நிறைய தோட்டங்கள் அந்த வயசைத் தாண்டியவை. மழைக்காலத்தில் கருங்காய் நோய் வந்து காய்களை அழுக வைக்கும். அழுகிய காய்களை அடிக்கடி பறித்து எறியணும். அதுக்குக் கூலி ஆள் வேணும்.

இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி தண்டு வீக்க நோய். மாவுப்பூச்சி பரப்பும் வைரஸ். குணப்படுத்த மருந்தே கிடையாது. நோய் கண்ட மரத்தையும் அதை ஒட்டிய மரங்களையும் வெட்டிவிட்டுப் புதுசா நடணும், அவ்வளவுதான். 1940களில் பிரிட்டிஷ் அரசு கட்டாயமாக வெட்ட ஆரம்பித்தபோது விவசாயிகள் கொதித்துப் போனார்கள். 1948 அக்ரா கலவரத்தை விசாரித்த வாட்சன் கமிஷன், மக்களின் மனக்குறைகளில் ஒன்றாக இதையும் எழுதியது.

"நல்லதுக்குத்தானே வெட்டச் சொல்றாங்க, ஏன் அடம்?" என்று எனக்கும் தோன்றியது. பதில் நில உரிமையில் இருக்கிறது.

கானாவில் 'அபுனு' என்று ஒரு வார முறை உண்டு. நிலம் ஒருத்தருடையது, இன்னொருத்தர் காட்டைத் திருத்தி, கோகோ நட்டு வளர்ப்பார். காய்ப்புக்கு வந்ததும் தோட்டத்தையோ விளைச்சலையோ பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். பல ஊர்களில் நட்டவரின் உரிமை, மரம் நிற்கும் வரைக்கும்தான். பத்திரம் எதுவும் இருக்காது, மரம்தான் பத்திரம். அதை வெட்டினால், திரும்ப நட நிலத்துக்காரர் சம்மதிப்பார் என்று என்ன நிச்சயம்?

சம்மதித்தாலும் புதுக்கன்று காய்க்கும் வரை மூணு வருஷம் வருமானம் இல்லை. கையில் சேமிப்பும் இருக்காது. 2024-இல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டியது. ஆனால் கானாவில் விவசாயிக்கான விலையை அரசு முன்கூட்டியே அறிவித்துவிடும். பெரும் பகுதி கொட்டையும் பழைய விலைக்கு முன்பே விற்கப்பட்டிருந்தது. அந்த ஏற்றத்தில் கொஞ்சம்தான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

மென்பொருள் வேலையில் நான் தாமதமாகக் கற்ற பாடம் ஒன்று: பயனர் நாம் சொன்னதைச் செய்யலைன்னா, அவரைத் திட்டுவதற்கு முன்னாடி அவர் திரையில் என்ன தெரியுதுன்னு போய்ப் பார்க்கணும். இங்கேயும் அதேதான். நல்ல கன்றும் உரமும் கொடுத்தால் மட்டும் போதாது. மரம் விழுந்த பிறகும் நிலம் தன்னிடம் இருக்கும் என்று எழுத்தில் இருந்தால்தான் அந்த விவசாயி அரிவாளை எடுப்பார். அதுவரை நோய் பிடித்த மரத்தை விட்டுவைப்பதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.