மலைமேற் சேவையும் மாணவர் தலைமையும்

கலாசாலை மாணவர்களைத் தேசத் தலைவர்களாக்குவதற்குக் கிராம சேவையே தக்க பயிற்சி என்று மேடைதோறும் கூறப்படுகிறது. இஃது இன்று நேற்றுத் தோன்றிய யோசனையன்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-ல் விசாரணை நடத்திய சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன், மாணவர்கள் மனமுவந்து தேசிய சேவை புரிய வேண்டுமென்று கூறிற்று. அதன்பின் இருபது வருஷம் கமிட்டிகளிற் கழிந்தது. 1969-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி, அந்நாள் கல்வி மந்திரி வி. கே. ஆர். வி. ராவ் 37 சர்வகலாசாலைகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டாண்டில் 240 மணி நேர ஊழியமும், ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமும் அதன் விதிகள்.

விதிகளோடு நமக்கு வழக்கில்லை. அந்த ஏழு நாளும் யார் யாருக்குக் கற்பிக்கிறார் என்பதே நாம் எழுப்பும் வழக்கு.

கொல்லிமலையிலுள்ள குண்டூர் நாட்டை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிச் சென்றால் வரும் பதினான்கு நாடுகளில் இஃதொன்று. மலையாளிகள் என்னும் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். (பெயரைக் கேட்டு மலையாள தேசத்தாரென மயங்கவேண்டா, இவர்கள் பேசுவது தமிழ்.) இங்கே ஒரு முகாம் வந்திறங்குவதாக வைத்துக்கொள்வோம். பதாகை கட்டப்படும், மரக்கன்று நடப்படும், புகைப்படமும் எடுக்கப்படும். மாலையில் ஒரு மாணவர் எழுந்து, சாமையும் தினையும் சத்துள்ள தானியங்கள், ஐக்கிய நாடுகள் சபையே 2023-ம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, நீங்கள் அவற்றைக் கைவிட்டு மரவள்ளி நடலாமா என்று பிரசங்கிப்பார்.

சாமையின் அருமை அம்மலையார் அறியாததா? கட்டவெட்டிச் சாமை, மல்லிய சாமை, பெருஞ்சாமை என்று வகைவகையாக விதை காத்தவர்கள் அவர்களே. பிரசங்கம் செய்த மாணவரிடம் இவற்றைக் கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னால் விழிப்பார்! சாமை குறைந்த காரணம் வேறு. மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால், கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து கையிற் காசு வருகிறது. சாமையோ அறுவடையோடு முடிவதில்லை. உமி நீங்க உரலிலிட்டுக் குத்தவேண்டும், குத்துவோர் பெண்கள், அதுவும் வயல்வேலை முடிந்தபின். சரிவான நிலத்தில் கிழங்கு பிடுங்கும்போது மண் இளகி மழையில் ஓடுவதை அவர்களும் காணத்தான் செய்கிறார்கள். கண்டும் உலக்கைக்கு அஞ்சினார்கள். இதை உணர்ந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் சிறு அரவை இயந்திரங்களை அமைத்து மகளிர் குழுக்களிடம் ஒப்புவித்தனர். விதை வங்கிகளும் ஏற்படுத்தினர். பிரசங்கத்தினாலாகாத காரியத்தில் ஓர் இயந்திரம் பாதி வழியேனும் கொண்டு சேர்க்கும்.

மீதிப் பாதியில் மாணவருக்கு வேலையிருக்கிறது. இயந்திரம் பழுதானால் யார் வருவார்? அரைத்த அரிசி என்ன விலைக்குப் போகிறது, கீழே கடையில் என்ன விலைக்கு விற்கிறது? குழுவின் கணக்கை எழுத ஊரிலேயே ஒரு பெண்ணைப் பழக்கலாகாதா? ஊர்க் கவுண்டரும் குழுப் பெண்களும் சொல்லும் வேலையைக் கேட்டு, அதைச் செய்து முடித்து, தாம் போனபின்பும் நடக்கும்படி ஒருவர் கையில் ஒப்படைத்துவரும் மாணவரிடம் தலைமைக் குணம் தோன்றிவிட்டதென்போம்.

நிற்க. ஆங்கிலேயரிடமிருந்தும் ஓர் உதாரணம் காட்டலாம். 1905-ல், சட்டம் பயின்றுகொண்டிருந்த அட்லி என்ற வாலிபர், தாம் படித்த பள்ளியார் கிழக்கு லண்டனில் ஏழைச் சிறுவர்க்காக நடத்திய சங்கத்தைப் பார்க்கச் சென்றார். ஒருநாட் பார்வையோடு நில்லாமல் மீண்டும் மீண்டும் போனார். 1907-ல் அச்சங்கத்தின் நிர்வாகியாகி அங்கேயே குடியேறினார். வறுமையைப்பற்றி அவர் வீட்டிலிருந்து கொண்டுசென்ற எண்ணங்கள் அங்கே மாறின. 1945-ல் பிரதம மந்திரியாகி, 1947-ல் நமது நாட்டைவிட்டு ஆங்கில ஆட்சி வெளியேறச் சட்டம் செய்வித்தவர் அவரே.

ஆண்டுக்கொரு புதிய கிராமம் தேடும் வழக்கத்தை நமது கலாசாலைகள் விட்டொழிக்க வேண்டும். மலையடிவாரத்திற்கு அருகே நாமக்கல்லிலும் இராசிபுரத்திலும் அரசினர் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவை குண்டூர் நாட்டில் ஓரூரைத் தேர்ந்து, ஐந்தாண்டு விடாது அங்கேயே செல்லட்டும். சான்றிதழ் எழுதுமுன் அவ்வூர் மகளிர் குழுவின் அபிப்பிராயத்தையும் கேட்கட்டும். முகாம் நாட்களைக் குறிக்கும்போது கலாசாலை விடுமுறையைப் பாராமல், சாமை உரலுக்கு வரும் பருவம் எதுவென்று அவ்வூராரை விசாரித்துக் குறிக்கட்டும்.