வீட்டிலேயே குளிர் காபி: கொட்டை நன்றாகக் காய்ந்தால்தான் ருசி!

'நகரத்துக் காபிக் கடைகளில் கோல்டு ப்ரூ என்று ஒரு கிளாஸ் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறார்களே, அது என்ன? நம் தோட்டத்துக் கொட்டையில் வீட்டிலேயே போட முடியுமா?' கோடை தொடங்கியதும் தாண்டிக்குடி, ஏற்காடு, கூடலூர் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

தாராளமாக முடியும். மெஷின் எதுவும் தேவையில்லை. ஆனால், ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். இந்தக் காபியில் அடுப்பே இல்லை. நாம் வழக்கமாகப் போடும் ஃபில்டர் காபியில் கொதிக்கும் தண்ணீர் கிருமிகளைக் கொன்றுவிடும். கொட்டையின் குறையைப் பாலும் சர்க்கரையும் சிக்கரியும் மறைத்துவிடும். குளிர் காபியில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. அதனால், களத்தில் எப்படிக் காயவைத்தோமோ அதுதான் கிளாஸில் வரும்.

களத்தில் செய்ய வேண்டியது

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காபியை அறிமுகம் செய்தார். இருநூறு ஆண்டுகளாகக் காபி விளைந்தும், விளைவிக்கும் வீடுகள் பலவற்றில் பழத்தை வியாபாரிக்கு விற்றுவிட்டு, கடையில் கலப்புத் தூள் வாங்கித்தான் குடிக்கிறார்கள். நம் கொட்டையின் ருசி நமக்கே தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

வீட்டுத் தேவைக்கு என்று ஒரு பங்கை ஒதுக்குங்கள். நன்றாகச் சிவந்த பழமாகப் பார்த்துப் பறியுங்கள். பச்சைக்காய் கலந்தால் துவர்ப்பும், கீழே விழுந்து கிடந்த பழம் கலந்தால் மண் வாடையும் வரும். சிமென்ட் களத்திலோ சுத்தமான தார்ப்பாயிலோ நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, பகலில் பலமுறை கிளறிவிடுங்கள். மாலையில் குவித்து, பனி படாமல் மூடிவையுங்கள். நல்ல வெயிலில் தோல் நீக்கிய பார்ச்மென்ட் 7 முதல் 10 நாளிலும், முழுப்பழமாகக் காயும் செர்ரி 12 முதல் 15 நாளிலும் காய்ந்துவிடும். செர்ரியைக் கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஈரப்பதம் 10 முதல் 12 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது.

அரைகுறையாகக் காய்ந்ததை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் 'ஆக்ரடாக்சின்' என்ற நச்சை உண்டாக்கும். வறுத்தாலும் இது முழுவதும் போகாது. ஆகவே பூஞ்சணம் பிடித்த, கறுத்த, ஓட்டை விழுந்த கொட்டைகளை முறத்தில் போட்டுப் பொறுக்கித் தள்ளிவிடுங்கள்.

வறுப்பதும் அரைப்பதும்

மேல்தோல் நீக்கிய பச்சைக் கொட்டை 125 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குச் சுமார் முக்கால் கிலோ பழம் தேவைப்படும். இரும்பு வாணலியில் மிதமான தீயில் கை விடாமல் கிளறுங்கள். முதலில் மஞ்சளாகி வைக்கோல் வாசனை வரும். பிறகு பழுப்பாகி, சோளம் பொரிவதுபோலச் சடசடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் ஓரிரு நிமிடத்தில் இறக்கி, முறத்தில் கொட்டி விசிறி ஆறவையுங்கள். கறுக விடாதீர்கள். ஓர் இரவு வைத்திருந்து அரைத்தால் மணம் கூடும். வறுக்கும்போது எடை 15 முதல் 20 சதவிகிதம் குறையும் என்பதால் 100 கிராம் தூள் கிடைக்கும்.

மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவை பதத்தில் கொரகொரப்பாக அரையுங்கள். மாவு மாதிரி அரைத்தால் வடிகட்டவும் முடியாது, கசப்பும் ஏறும்.

கடையில் தூள் வாங்குபவர்கள் லேபிளைப் படியுங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதாவது மீதி 49 சதவிகிதம் வரை சிக்கரி இருக்கலாம். குளிர் காபிக்குச் சிக்கரி இல்லாத தூள்தான் ஏற்றது.

ஊறவைக்கும் முறை

1. வெந்நீரில் கழுவிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் 100 கிராம் தூளைப் போடுங்கள்.
2. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் 800 மில்லி ஊற்றி, தூள் முழுக்க நனையும்படி கலக்கி மூடுங்கள்.
3. ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலை 5 மணிக்கு வைத்தால் மறுநாள் காலை 10 மணிக்கு எடுக்கலாம்.
4. டீ வடிகட்டியில் ஒரு முறையும், வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியை நான்காக மடித்து ஒரு முறையும் வடிகட்டுங்கள். துணியைப் பிழிய வேண்டாம், கசடு இறங்கிவிடும்.

தூள் தண்ணீரைக் குடித்ததுபோக 600 மில்லி அளவுக்கு வடிசாறு கிடைக்கும். ஆறு பேருக்குப் போதும். ஆளுக்கு 100 மில்லி ஊற்றி, ஐஸ்கட்டி போட்டு அப்படியே குடிக்கலாம். காய்ச்சி ஆறவைத்த பாலும் சேர்க்கலாம். குளிர்ச்சியில் சர்க்கரை சீக்கிரம் கரையாது. வெல்லத்தையோ நாட்டுச்சர்க்கரையையோ பாகாக்கி வைத்துக்கொண்டால் சுலபம்.

வெந்நீர், கொட்டையின் புளிப்பையும் கசப்பையும் சேர்த்து வேகமாக இழுத்துவிடும். குளிர்ந்த நீர் மெதுவாக இழுப்பதால் இந்தக் காபி மிருதுவாகவும் லேசான இனிப்போடும் இருக்கும்.

வடிசாற்றை ஃபிரிட்ஜில் மூடி வைத்து மூன்று, நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பால் கலந்துவிட்டால் அன்றே குடித்துவிட வேண்டும். ஐஸ்கட்டியும் கொதித்து ஆறிய தண்ணீரில் உறைந்ததாக இருக்கட்டும். மீனுக்குப் போடும் பார் ஐஸ் வேண்டவே வேண்டாம். மிஞ்சும் சக்கையை மண்புழு உரக் குழியில் மற்ற கழிவுகளோடு கலந்து போடலாம்.

முதல் கிளாஸைப் பால், பாகு எதுவும் சேர்க்காமல் வீட்டில் எல்லோரும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பாசி வாடை அடித்தால் உலர்த்தியதில் குறை. துவர்த்தால் பச்சைக்காய் கலந்திருக்கும். புளித்த கள் வாடை வந்தால் பறித்த பழத்தைக் காயவைக்காமல் குவித்து வைத்திருப்பீர்கள். தரம் பார்த்து வாங்குபவர்கள் விலையைக் குறைப்பதும் இந்தக் குறைகளுக்காகத்தான். அவர்கள் சொல்வதற்கு முன் நமக்கே தெரிந்துவிட்டால், அடுத்த பறிப்பில் திருத்திக்கொள்ளலாம். மேற்கொண்டு பதப்படுத்தும் முறைகளுக்குத் தாண்டிக்குடியில் உள்ள காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

வாசகர் கேட்டவை

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்பானையில் வைக்கலாமா?

சமவெளியின் கோடை வெப்பத்துக்குப் பானைக் குளிர்ச்சி போதாது. இரவு முழுக்க ஊறினால் கெட வாய்ப்புண்டு. ஃபில்டரில் கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்கி, பாத்திரத்தோடு பானைத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, உடனே குடியுங்கள்.

ரொபஸ்டா கொட்டையில் போடலாமா?

போடலாம். ஆனால் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் இருக்கும், கசப்பும் அதிகம். பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீர் கூட்டிக் குடியுங்கள். குளிர்ந்திருப்பதால் கஃபீன் குறைந்துவிடாது. குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு காபி குடிக்கக் கூடாது. இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பாட்டிலில் அடைத்து விற்கலாமா?

வீட்டில் போட்டதை அடைத்து விற்காதீர்கள். புளிப்பு குறைந்த பானம் என்பதால் இதில் கிருமிகள் எளிதில் வளரும். விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும், முறையான பதப்படுத்தலும், குளிர்சாதன வசதியும் கட்டாயம் வேண்டும். அதைவிட, நன்றாகக் காயவைத்து, வறுத்து, கொரகொரப்பாக அரைத்த தூளைப் பதிவு பெற்று விற்பது சிறு விவசாயிக்குப் பாதுகாப்பான வழி.