ஓய்ந்த கால்கள், உழைத்த கரங்கள்

கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணையில் நீர் நிறைந்துவிட்டால், கள்ளக்குறிச்சி வட்டாரச் சிறுவர்களின் மனம் அங்கேதான் ஓடும். 'போகாதே' என்று தடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? நீச்சல் ஒரு மனிதருக்கு மறுவாழ்வளித்த வரலாற்றைக் கேளுங்கள்.

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர் இராணுவ வீரர், குத்துச்சண்டையில் வல்லவர். 1965-ஆம் ஆண்டுப் போரில் குண்டுகள் பாய்ந்து, இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்தார். சிகிச்சைக்காகவே நீரில் இறங்கினார். கால்கள் உதவாதபோது கரங்களை நம்பினார். 1972-இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற பாராலிம்பிக் போட்டியில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை 37.33 வினாடிகளில் கடந்து, உலக சாதனையுடன் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே! ஆயினும் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது 2018-இல்தான்.

பெற்றோர்களே! ஆழம் அறியாத அணையில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். ஆனால் ஆழம் அறிந்த குளத்தில், தேர்ந்த பயிற்சியாளரிடம், ஆண், பெண் இரு பாலாருக்கும் நீச்சல் கற்றுக்கொடுங்கள். நடக்க இயலாத பிள்ளை இருந்தால், மருத்துவரைக் கலந்து அவனையும் அழைத்துச் செல்லுங்கள். தரையில் தளர்ந்தவனை நீர் தாங்கிக்கொள்ளும். வீட்டின் மூலை தாங்காது.