என்ன படிக்கலாம்? – 11: சொன்னபடி கேட்காத கை

“சைக்காலஜியா? என் மனசுல இப்ப என்ன ஓடுதுன்னு சொல்லு, பார்ப்போம்!”

உளவியல் படிக்கும் பிள்ளைகளைக் கல்யாணப் பந்தியில் துரத்தும் கேள்வி இது. இதற்கான பதில் எனக்கு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கிடைத்தது.

“இன்னிக்கு நீங்கதான் சார் என் சப்ஜெக்ட்” என்று இரண்டாமாண்டு மாணவி என்னை உட்கார வைத்தாள். பலகையில் இரட்டைக் கோட்டால் வரைந்த நட்சத்திரம். எதிரே நிலைக்கண்ணாடி. என் கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பு. கண்ணாடியை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று இடக்கையால் தொடங்கினேன். முதல் முனையிலேயே கை திகைத்து நின்றது. மேலே போகச் சொன்னால் கீழே இழுத்தது. அவள் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக, நான் கோடு தாண்டியதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்து வலக்கையால் பத்து முறை. பிறகு மறுபடியும் இடக்கை. நடுவில் பயிற்சியே இல்லாத அந்தக் கை இப்போது விரைவாகப் போனது, தப்பும் குறைந்திருந்தது. வலக்கை கற்றதில் ஒரு பங்கு இடக்கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மனத்தை ஊகிப்பதல்ல, அளப்பதுதான் இந்தப் படிப்பு. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் அமைத்த காலத்திலிருந்தே அப்படித்தான். நம் நாட்டில் 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய துறைக்கும் சோதனை உளவியல் என்றுதான் பெயர். அதனால், கணக்குக்குப் பயந்து இங்கே வருபவர்களைப் புள்ளியியல் தாள் வாசலிலேயே வரவேற்கும்!

சரி, வேலை? பெற்றோர் பலரும் குழம்பும் இடம் இதுதான். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் முதுகலை முடித்து, மேற்பார்வையில் நோயாளிகளோடு பழகும் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். இரண்டாண்டு எம்.ஃபில்.தான் இதற்கு நெடுநாள் வழியாக இருந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் அதற்குப் பேர்போன இடம். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில்லைக் கைவிட்டதால் பாதை மாறிவருகிறது. ஆகவே பணம் கட்டுமுன், அந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சைக்குப் பலகை மாட்ட முடியாது.

மருத்துவமனை ஒன்றே வழியுமல்ல. பள்ளி ஆலோசகர், நிறுவனங்களில் ஆள்தேர்வும் பயிற்சியும், சந்தை ஆய்வு, ஒரு செயலியில் பயனர் எங்கே தடுமாறுகிறார் என்று கவனிக்கும் வேலை என்று கிளைகள் பல. ஒவ்வொன்றுக்கும் இளங்கலைக்குமேல் அதற்கேற்ற படிப்போ பயிற்சியோ சேர்ந்தால்தான் நல்ல சம்பளம்.

ஆய்வகத்தை விட்டுக் கிளம்புமுன் அந்த மாணவி, “செய்யும்போது எப்படி இருந்தது சார்?” என்று கேட்டாள். “எரிச்சலா வந்தது” என்றேன். சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். நாளை யார் எதிரில் உட்கார்ந்து அழுதாலும் அவளுக்கு முதலில் கைகொடுக்கப்போவது அந்தப் பழக்கம்தான்.

(அடுத்த வாரம்: சமூகப்பணிப் படிப்பு)