பின்வளவில் சிறு வீடு: வாடகைக்கு முன்னர் அனுமதி

மகளுக்குக் கலியாணம் பேசியதும் பின்வளவில் இரண்டு அறைகளைக் கட்டுவது எம்மவரிடையே பழகிப்போன வழக்கம். அவள் வேறிடம் போனால், அதுவே 'அனெக்ஸ்' என்ற பெயரில் வாடகைக்குப் போகும். சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்திலுள்ள எனது உறவினர் ஒருவர் இதனைப் புதுவிதமாகச் செய்ய எண்ணியுள்ளார். பழைய கொள்கலன் ஒன்றை வாங்கி, ஜன்னலும் குளியலறையும் வைத்து, தென்னைகளுக்கு நடுவே நிறுத்துவதுதான் திட்டம். ஓகஸ்ட், செப்டெம்பரில் கோயில் உற்சவத்துக்கு யாத்திரிகர் வருவர், மற்றைய மாதங்களில் சிலாபத்தில் தொழில் புரிவோர் தங்குவர் என்பது அவரது கணக்கு.

"அத்திவாரமே இல்லை, அனுமதி எதற்கு?" என்பது அவரது கேள்வி. பலரிடம் இந்த எண்ணம் இருப்பதால் இங்கு எழுதுகிறேன்.

சிறு வீடுகளுக்குப் பேர்போன அமெரிக்காவையே பாருங்கள். கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரம், சக்கரம் பூட்டிய சிறு வீட்டைப் பின்வளவுக் குடியிருப்பாக 2016இல் ஏற்றுக்கொண்டது. அம்மாநிலத்தில் 2020 முதல், பின்வளவு வீட்டுக்கான முழுமையான விண்ணப்பத்துக்கு 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அங்கு சட்டம் வழியை இலகுவாக்கியதே தவிர, அனுமதியே வேண்டாம் என்று சொல்லவில்லை.

எமது நாட்டில் அனெக்ஸ், பொதுவான கட்டடச் சட்டங்களின் கீழேயே வருகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உட்பட்ட பிரதேசமாயின் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும், ஏனைய இடங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் பார்க்கப்படும். முதலில் வரைபடத்துக்கு அனுமதி, வேலை முடிந்ததும் சீ.ஓ.சீ. எனப்படும் இணக்கச் சான்றிதழ். கடலோரமாகக் காணி உள்ளவர்கள், 300 மீற்றர் கரையோர வலயத்துக்குள் வருகிறதா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

20 அடிக் கொள்கலனின் அகலம் 8 அடி. வெளி அளவில் 160 சதுர அடிதான். அறையின் பரப்பு, உயரம், காற்றோட்டம் ஆகியவற்றுக்கு ஒழுங்குவிதிகளில் குறைந்த அளவுகள் உண்டு. ஆகவே பணம் கொடுக்கு முன்னர் உள்ளூராட்சி சபையில் கேட்பதே புத்தி. வெயிலில் இரும்பு கொதிக்கும், மேலே நிழற்கூரை வேண்டும். தேங்காய் விழும் இடமும் பார்க்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் கழிவுநீர் சுலபமாக ஊறும். மலசலகூடக் குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டினால், வாடகை வருமானத்தைவிட வைத்தியச் செலவு கூடிவிடும்.

அனுமதியில்லாத கட்டடம் இன்று வாடகை தரலாம். ஆனால் வங்கிக் கடனுக்கு அதைக் காட்ட முடியாது, விற்கும்போதும் விலை பேச முடியாது. சபை அகற்றச் சொன்னால் போட்ட முதலும் போய்விடும்.

இன்னொரு விடயம் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. மண்ணில் நிலையாகப் பொருந்திய கட்டடம் மண்ணுக்குரியவருக்கே சேரும் என்பது உரோம டச்சுச் சட்ட மரபு. மருமகன் தன் உழைப்பில் மாமனாரின் காணியில் கட்டினால், மாமனார் மௌத்தான பின்னர், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி அக்காணியில் எல்லா வாரிசுகளுக்கும் பங்கு வரும். பின்வளவை மட்டும் பிரித்து எழுதலாம் என்றாலும், நகர அபிவிருத்திப் பிரதேசங்களில் ஒரு துண்டுக்குச் சாதாரணமாக 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச்சஸ் வேண்டும். பாதையும் வேண்டும். சகோதரிகளின் பிள்ளைகள் நீதிமன்றப் படியேறும் பல வழக்குகளின் வேர் இங்கேதான் உள்ளது.

எனவே, உறுதியையும் நில அளவை வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் சபைக்குச் செல்லுங்கள். அடுத்து நொத்தாரிசிடம் சென்று, செலவு யாருடையது, வாடகை யாருக்கு என்பதை எழுத்தில் வையுங்கள். கொள்கலனுக்கு விலை பேசுவது அதன் பிறகுதான். என் உறவினருக்கும் இதையே சொல்லியிருக்கிறேன்.